தோல் கட்டும் வரை

அவர் உள்ளே வந்து, செருப்பைக் கழற்றி, நாற்காலியில் உட்கார்ந்து, அவள் நீட்டிய தண்ணீரைக் கையில் வாங்கிய பிறகும் தும்மவில்லை.

அதைக் கவனித்ததும் அவளுக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது. விபத்தில் சிக்கி, ஆஸ்பத்திரியில் கிடந்து, உயிரோடு திரும்பி வந்திருக்கும் மனிதரிடம் எதிர்பார்க்க வேண்டியது தும்மலையா? ஆனால் கல்யாணமான நாளிலிருந்து அவர் ஒருநாள்கூடத் தும்மாமல் அந்த வாசலைத் தாண்டியதில்லை. வீட்டுத் தூசி அவருக்கு ஆகாது. முதல் தும்மல் செருப்பு அலமாரியருகே, அடுத்தது ஹாலில், அதற்கப்புறம் கணக்கே கிடையாது. மாடி வீட்டு அக்கா மேலிருந்தே, "வீட்டுக்காரர் வந்துட்டாரா? இங்க சுவர் ஆடுது!" என்று குரல் கொடுப்பாள். அவர்களுடைய மகள், ஏழு வயதுக் குட்டி, அப்பாவின் மூக்கோடு தும்மலையும் சேர்த்தே வாங்கிக்கொண்டு பிறந்தவள். அப்பாவும் மகளும் போட்டி போட்டுத் தும்முவார்கள். "உலகத்துலேயே பொடியான பொடியைச் செய்யறவன் நான். வீட்டு மூலையில கிடக்கிற தூசிகிட்ட தோத்துப்போறேன் பாரு, பூனை" என்பார் அவர்.

பூனை என்பது அவள்தான். ஆலையில் துணி உறை மாட்டிய கால்களோடு சத்தமில்லாமல் நடப்பாள் என்பதால் அவர் வைத்த பெயர்.

இன்று குட்டி மட்டும் தும்மினாள்.

"ஒண்ணுக்குப் பூஜ்யம்! அப்பா, நான்தான் முன்னாடி!"

அவர் மகளைப் பார்த்தார். இந்த இடத்தில் சிரிக்க வேண்டும் என்று யாரோ சொல்லிக்கொடுத்து அனுப்பியதுபோல, கொஞ்சம் தாமதமாகச் சிரித்தார். பிறகு டம்ளரை வாய் வைக்காமலே மேசைமேல் வைத்தார்.

"ஜன்னலையெல்லாம் மூடிடு," என்றார். "காத்து அதிகமா இருக்கு."

வெளியே மரத்தில் ஓர் இலைகூட அசையவில்லை.

அவர்கள் இருவருக்கும் ஒரே ஆலையில்தான் வேலை. உலோகத் தூள் செய்யும் ஆலை அது. ஒரு தலைமுடியின் குறுக்கே ஆயிரம் துகள்களை வரிசையாக நிறுத்தலாம், அவ்வளவு நுண்மையான தூள். அவர் வேலை கூடத்தில். காற்றில்லாமல் செய்து, எதையும் எரியவிடாத ஆர்கான் வாயு நிரப்பிய பெரிய இரும்புக் கலத்துக்குள் மெல்லிய கம்பியைச் செலுத்தி, அதில் ஒரே அடியில் மின்சாரத்தைப் பாய்ச்சுவார்கள். கம்பி சவுக்கடிபோல் ஓசையிட்டு வெடித்துப் புகையாகும். அந்தப் புகை படிந்ததுதான் தூள். அவள் வேலை சோதனை அறையில், துகள்களின் அளவையும் குணத்தையும் பார்ப்பது. இரும்பு என்றால் பளபளக்கும் என்று நினைப்பவர்கள் அந்தத் தூளைப் பார்த்ததில்லை. அது கருப்பு. வெளிச்சத்தை விழுங்கிவிட்டு ஒன்றும் தெரியாததுபோல் உட்கார்ந்திருக்கும் கருப்பு.

புதுத்தூளை உடனே வெளியே எடுக்கக் கூடாது. காற்று பட்ட மறுநொடி தானாகவே பற்றிக்கொள்ளும். அதனால் கலத்துக்குள் துளித்துளியாகக் காற்றை விடுவார்கள். முதலில் ஊசி முனையளவு, பிறகு இன்னும் கொஞ்சம். ஆறுகிற பாலில் ஆடை படிவதுபோல ஒவ்வொரு துகளின் மேலும் மெல்லிய துரு படியும். அதற்கப்புறம் அதை வெயிலில்கூட வைக்கலாம். ஆலையில் இதற்குத் 'தோல் கட்டுவது' என்று பெயர். அவசரப்படுகிறவனுக்கு அந்தக் கூடத்தில் வேலையில்லை என்பார்கள்.

அவர்களுடைய காதலும் ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள்தான் தொடங்கியது. காற்றுப் படாமல் தூளைக் கையாளும் கூண்டு அது. இருபுறமும் தடித்த ரப்பர் கையுறைகள் பொருத்தியிருக்கும். ஒருநாள் எதிரெதிரே நின்று வேலை செய்துகொண்டிருந்தபோது அவருடைய கையுறை அவளுடைய கையுறையைப் பிடித்துக்கொண்டது. ரப்பருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இரண்டு முகங்கள் சிவந்துபோய் நின்றன. அன்று மாலை அவர் சொன்னதை அவள் இன்னும் மறக்கவில்லை. "இந்தத் தூளுக்குச் சொந்தமா ஞாபகம் கிடையாதுன்னு நீதானே சொன்னே? காந்தம் பக்கத்துல இருந்தா எல்லாம் ஒரே திசையில நிக்கும், எடுத்துட்டா மறந்துடும்னு. நானும் அப்படித்தான். நீ பக்கத்துல இருந்தா எல்லாம் ஞாபகம் வருது. கடைக்குப் போனா எதை வாங்க வந்தோம்னே தெரியலை."

அந்த மனிதர் வேலை செய்த கூடத்தில்தான் விபத்து. ஒரு கலம் பற்றிக்கொண்டது என்றார்கள். அவர் ஆஸ்பத்திரியில் இருக்கிறார், பயப்பட ஒன்றுமில்லை, தொற்று வரும் என்பதால் பார்க்க முடியாது என்றார்கள். எந்த ஆஸ்பத்திரி என்று அவள் கேட்டபோதெல்லாம் மேலாளருக்கு வேறு அழைப்பு வந்துவிட்டது. கடைசியில் ஆலையின் வண்டியே அவரைக் கொண்டுவந்து வாசலில் விட்டது. கூடவே துணியுறை போட்ட ஓர் உயரமான வாயு உருளையும், அதோடு ஒரு குழாயும். "மூச்சு ஒரு மாதிரியா இருந்தா இதை வச்சுக்குவார். அவருக்கே தெரியும்," என்றார் ஓட்டுநர். அவள் முகத்தைப் பார்க்காமலே வண்டியைக் கிளப்பினார்.

அவர் படுக்கையறைக்கு வரவில்லை. பின்பக்கம் இருந்த சின்ன அறையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். பழைய பெட்டிகளும் தையல் மெஷினும் இருந்த அந்த அறைக்கு ஒரே ஜன்னல். கதவின் அடியில் துணியைச் சுருட்டிவைத்து அடைத்தார். ஜன்னலின் விளிம்பெல்லாம் அகலமான பழுப்பு டேப்பை ஒட்டினார், ஆலையில் ஒட்டுவதுபோலவே, பிரிக்கும்போது நகத்தால் தேடாமலிருக்கக் கடைசி முனையைச் சின்னதாக மடித்துவிட்டு. உள்ளேயிருந்து உருளையின் சீறல் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. இரண்டு நாள் கழித்து ஜன்னல் ஒரு விரலகலம் திறந்திருந்ததைக் கொல்லையில் துணி உலர்த்தும்போது பார்த்தாள். அதற்கடுத்து இரண்டு விரல். பிறகு ஒரு கை.

எதையோ பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தது அவளுக்கு. நெஞ்சில் ஒரு முள். எங்கே என்று தெரியவில்லை.

வைத்த சாப்பாடு தட்டிலேயே காய்ந்து திரும்பியது. அவர் உடம்பில் மருந்து வாசனை இல்லை. ஒரு தழும்பில்லை, மருந்துச் சீட்டில்லை. போட்டிருந்த சட்டை புதிது. மடிப்புக்கூடக் கலையவில்லை, கழுத்துவரை பொத்தான். பனியன் புதிது, செருப்பு புதிது, கைக்குட்டை புதிது. யார் வாங்கிக் கொடுத்தது?

நாத்தனார் போன் செய்தபோது வேண்டுமென்றே விளையாட்டாகப் பேசினாள். "அண்ணி, அண்ணன் பேசவே மாட்டேங்குது. நானும் கேட்டுப் பார்த்துட்டேன், 'ம்'னு ஒரு சத்தம், அவ்வளவுதான். ஆஸ்பத்திரியில நர்ஸ் யாராச்சும் அழகா இருந்தாங்களா?"

"உங்க அண்ணனையா? தும்மலைக் கேட்டே ஓடிப்போயிருப்பாங்க."

"சொல்ல முடியாது அண்ணி. எந்தப் புத்துல எந்தப் பாம்போ. ஆமா, எந்த ஆஸ்பத்திரின்னு சொன்னீங்க?"

"அடுப்புல பால் வச்சிருக்கேன்," என்றாள் அவள். நாத்தனார் சிரித்துக்கொண்டே பேச்சை மாற்றினாள். ஆனால் வார்த்தை விழுந்த இடத்தில் வேர் பிடித்துவிட்டது. அவர் ஆஸ்பத்திரியிலேயே இல்லையோ? விபத்து என்பதே ஆலையும் அவரும் சேர்ந்து சொன்ன பொய்யோ? வேறொரு வீடு, வேறொரு பெண், புதுச்சட்டையை மடித்துக் கொடுக்கும் வேறு கைகள். பகலெல்லாம் அதை நினைத்தே வெந்தாள். விசித்திரம் என்னவென்றால், அப்படி நினைக்கும்போது அவளுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. கணவன் இன்னொருத்தியிடம் போனால் அழலாம், சண்டை போடலாம், ஊரிலிருக்கும் தன் அக்கா வீட்டுக்குப் போகலாம். அதற்கெல்லாம் உலகத்தில் வழியிருக்கிறது.

அவருடைய தலையணை உறையைத் துவைக்க எடுத்தாள். தலை வைத்த இடத்தில் சாம்பல் நிழல்போல் ஒரு வட்டம். சோப்புப் போட்டுக் கசக்கினாள். போகவில்லை. நுரை கருத்தது, தண்ணீர் கருத்தது, வட்டம் அப்படியே இருந்தது. விரலை மூக்கருகே கொண்டுபோனாள். வாசனைத் திரவியம் ஏதாவது, வேறொருத்தியின் தலை எண்ணெய் ஏதாவது வருமென்று மனம் எதிர்பார்த்தது. மழையில் நனைந்த ஆணியின் வாசனை வந்தது.

அன்று பிற்பகல் குட்டிக்குப் பள்ளிக்கூடம் அரை நாள்தான். சமையலறையில் அவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருக்க, பின்னறையிலிருந்து மகளின் சிரிப்பு கேட்டது. நீண்ட நாளைக்குப் பிறகு வீட்டில் கேட்கும் சிரிப்பு. மனம் குளிர்ந்தபடி ஈரக்கையோடு போய் நின்றாள்.

அறைக்கதவு திறந்திருந்தது. அவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். சட்டைக் கையை மடித்திருந்தார். அவருடைய முழங்கைக்குக் கீழே குட்டியின் யானை ஒட்டிக்கொண்டிருந்தது. குளிர்சாதனப் பெட்டியின் கதவில் எப்போதும் ஒட்டியிருக்கும், தும்பிக்கை உடைந்த சின்னக் காந்த யானை.

"அம்மா, பாரேன்! யானை அப்பா மேல ஒட்டிக்கிச்சு! கீழேயே விழ மாட்டேங்குது!"

குட்டி யானையைப் பிடித்து இழுத்தாள். அதோடு தோல் கூம்பாக எழுந்தது. எழுந்த தோலில் மயிரெல்லாம் ஒரே திசையில் நிமிர்ந்து நின்றன. யானை விடுபட்டதும் தோல் மெதுவாக, மணல் சரிவதுபோல் சமமானது.

"அப்பா கையில இரும்பு வச்சுக் கட்டியிருக்காங்கடா," என்றாள் அவள். தன் குரல் எங்கிருந்தோ கேட்டது. "நீ மேல போய் அக்கா வீட்டுல விளையாடு. அம்மா கூப்பிடறேன்."

மகள் படியேறும் சத்தம் ஓயும்வரை காத்திருந்தாள். யானை அவள் கையில் இருந்தது. அதற்கு ஒரு பெயர் உண்டு. அப்பாவும் மகளும் காதோடு காதாக வைத்த பெயர். எத்தனை கெஞ்சியும் அவளுக்குச் சொன்னதில்லை. "அம்மாகிட்ட சொன்னா யானைக்குக் கோபம் வரும்" என்று இருவரும் கண்ணடித்துக்கொள்வார்கள்.

"என்னங்க," என்றாள். "நாம முதல்ல எங்க கையைப் பிடிச்சுக்கிட்டோம்?"

"கூண்டுக்குள்ள," என்றார் உடனே. "ரப்பர் கையுறை. உன் முகம் சிவந்துபோச்சு."

"நம்ம குட்டி பிறந்தன்னைக்கு நான் உங்களைத் திட்டினேனே, என்னன்னு?"

"'வாசல்ல நின்னு தும்மாதீங்க, புள்ள பயந்துடும்.'"

அவளுக்குக் கண் கலங்கியது. இவர்தான். இவரேதான். சந்தேகப்பட்ட வாயில் மண்ணைப் போடவேண்டும் என்று நினைத்துக்கொண்டே யானையை நீட்டினாள்.

"இதோட பேரு என்ன?"

அவர் யானையைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். அவள் முகத்தில் எதையோ தேடுவதுபோல், படிப்பதுபோல், பொறுமையாக.

"தெரியலை," என்றார். "நீயே சொல்லு."

"நீங்க வச்ச பேருங்க."

"தெரியலை. நீயே சொல்லு."

அப்போது படிகளில் தடதடவென்று காலடி. பொம்மையை மறந்துவிட்டதாகக் கத்திக்கொண்டே குட்டி ஓடிவந்தாள். அவள் வாசற்படியில் கால் வைத்ததும் அவருடைய தலை அந்தப் பக்கம் திரும்பியது. காந்தத்தை நோக்கி முள் திரும்புவதுபோல்.

"டுமுக்கு ராஜா," என்றார்.

"அப்பா! அம்மாகிட்டப் போய் சொல்லிட்டீங்களே!" குட்டி காலை உதைத்தாள். "இது ரகசியம்!"

அவள் கை தானாக யானையை முந்தானையில் முடிந்துகொண்டது. தான் பக்கத்திலிருந்தால் தனக்குத் தெரிந்ததெல்லாம் அவருக்குத் தெரிகிறது. மகள் வந்தால் மகளுக்குத் தெரிந்தது. யாரும் இல்லாதபோது? கதவை மூடிக்கொண்டு தனியாக உட்கார்ந்திருக்கும்போது அவருக்குள் என்ன இருக்கிறது?

மாலையில் அவர் கொல்லைப்பக்கம் போய் நின்றார். அதுவே முதல்முறை. திறந்த வெளியில், முகத்தை நிமிர்த்தி, எதுவும் எரியவில்லை என்பதை உறுதிசெய்துகொள்வதுபோல் நின்றார். அந்த இடைவெளியில் அவள் பின்னறைக்குள் போய் உருளையின் துணியுறையைத் தூக்கிப் பார்த்தாள்.

பிராணவாயு இல்லை. கழுத்தில் ஒட்டியிருந்த சீட்டை அவள் தினமும் வேலையில் பார்க்கிறாள். ஆர்கான். மூச்சுவிடும் மனிதனுக்கு அதை வைத்தால் சத்தமில்லாமல் செத்துப்போவான்.

அன்றிரவு குட்டியைத் தன்னோடு படுக்கவைத்துக் கதவைத் தாழிட்டாள். காலையில் அவளைப் பள்ளியில் விட்டபோது டீச்சரிடம், "இன்னைக்கு நான்தான் வந்து கூட்டிட்டுப் போவேன். வேற யார்கூடவும் அனுப்பாதீங்க," என்றாள். மத்தியானம் அப்படியே அக்கா ஊருக்குப் போய்விடுவது என்று முடிவு செய்திருந்தாள். தன்னைப் பற்றி அவளுக்குக் கவலையில்லை. குட்டியை அந்த வீட்டிலிருந்து எடுத்துவிட வேண்டும். ஆனால் அதற்குமுன் ஒரேயொரு ஆளிடம் ஒரேயொரு கேள்வி கேட்கவேண்டியிருந்தது.

ஆலையில் எடைபோடும் பெண்ணை எல்லோரும் தராசு அக்கா என்பார்கள். உள்ளே போகும் கம்பியையும் வெளியே வரும் தூளையும் நிறுத்துப் பார்ப்பது அவள் வேலை. வாய் ஓயாத பெண். அன்று அவளைக் கண்டதும் தராசு அக்கா வாயை மூடிக்கொண்டாள்.

"அக்கா, அன்னைக்குக் கூடத்துல என்ன நடந்துச்சு?"

"உனக்குத்தான் சொன்னாங்களேடி. உன் வீட்டுக்காரர்தான் நல்லபடியா வந்துட்டாரே."

"அக்கா, எனக்கு ஒரு பொண்ணு இருக்கா."

தராசு அக்கா கதவைச் சாத்திவிட்டு வந்தாள். தாழ்ந்த குரலில் சொன்னாள். "அவசர ஆர்டர். தோல் கட்ட நேரம் குடுக்காம கலத்தைத் திறக்கச் சொன்னாங்க. உன் வீட்டுக்காரர் மாட்டேன்னுதான் சொன்னார். அப்புறம் அவரே கலத்துக்குள்ள போனார். வெள்ளையா ஒரு வெளிச்சம். கலத்தோட மூடி தானா அடைச்சுக்கிச்சு. அவர் உள்ள போனதைத்தான் நான் பார்த்தேன்."

"வெளிய வந்ததை?"

"ஆம்புலன்ஸ் வந்துச்சுன்னு சொன்னாங்க. நான் வாசல்லதான் நின்னேன். எதுவும் வரலை." அக்கா தன் கைகளைப் பார்த்தாள். "ஒரு கைப்பிடி கம்பி போட்டா ஒரு கைப்பிடி தூள் வரும். இரும்பு எரிஞ்சா காத்தையும் சேத்துக்கிட்டு எடை கூடும்னு எனக்குத் தெரியாதா? அதுக்கும் ஒரு அளவிருக்கே. அன்னைக்குப் பீப்பாயில வாரினாங்கடி. நான்தான் நிறுத்தேன். ஓர் ஆள் எடை."

எங்கோ ஒரு மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

"அந்தப் பீப்பாயை மூடிவச்சு, மேலதிகாரிங்களே கூட நின்னு, கொஞ்சங்கொஞ்சமா காத்து விட்டாங்க. தோல் கட்டட்டும்னு. ஒருநாள் பீப்பாய் காலியா இருந்துச்சு. எங்க போச்சுன்னு யாரும் கேட்கலை. அன்னைக்குத்தான் நீ போன் பண்ணி, அவர் வந்துட்டார்னு அழுதே. நான்..." அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "நான் சந்தோஷப்பட்டேன்டி. சத்தியமா."

அவள் ஓடினாள்.

பள்ளி வாசலில் காவலாளி அவளைக் கண்டு சிரித்தார். டீச்சர் வராந்தாவுக்கு வந்தாள்.

"அப்பவே அவங்க அப்பா வந்து கூட்டிட்டுப் போயிட்டாரே?"

"உங்ககிட்ட நான் என்ன சொன்னேன்!"

"யார்கூடவும் அனுப்பாதீங்கன்னு சொன்னீங்க. அப்பாவைச் சொல்றீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்? பெத்த அப்பாகிட்ட எப்படிங்க தரமாட்டேன்னு சொல்றது? குட்டிதான் முதல்ல பார்த்தா. ஓடிப்போய்க் கட்டிக்கிட்டா." டீச்சர் கொஞ்சம் தயங்கினாள். "இவ்வளவு வெயில்ல வந்திருக்கார், ஒரு சொட்டு வேர்க்கலை."

வெயிலில் வந்திருக்கிறார். அப்படியென்றால் முடிந்துவிட்டது. அவருக்குத் தோல் கட்டி முடிந்துவிட்டது. இனி உருளை அவருக்குத் தேவையில்லை.

உருளை.

தெருவில் எல்லாம் வழக்கம்போல் இருந்தது. யாரோ சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு வீட்டு ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. மாடி வீட்டு அக்கா துணி உலர்த்திக்கொண்டே, "இன்னைக்கு அப்பாவும் பொண்ணும் சீக்கிரமே வந்துட்டாங்க போல? ஒரு தும்மல்கூடக் கேட்கலையே," என்றாள். பட்டப்பகல். வாசற்கதவு திறந்தே கிடந்தது. செருப்பு அலமாரியில் குட்டியின் செருப்புகள் ஒழுங்காக, ஜோடியாக, அவள் ஒருநாளும் அப்படி வைக்காத ஒழுங்கில் இருந்தன.

ஹாலில் யாருமில்லை. வாசனை. நனைந்த ஆணி.

சீறல் கேட்டது. மெல்லிய, விடாத சீறல். பின்னறையிலிருந்து அல்ல.

குட்டியின் அறையிலிருந்து.

அந்த மரக்கதவைச் சுற்றிப் பழுப்பு டேப். மேலே, கீழே, இருபக்கமும். ஒரு சுருக்கமில்லாமல். சாவித்துவாரத்துக்குள் குழாய். துவாரத்தைச் சுற்றியும் டேப். உருளை பக்கத்தில் நின்றது. அதன் திருகின்மேல் கை வைத்தபடி, தரையில் சம்மணமிட்டு, கலத்தின்முன் எத்தனையோ முறை உட்கார்ந்த அதே பொறுமையோடு அவர் உட்கார்ந்திருந்தார்.

"வந்துட்டியா, பூனை," என்றார். "சத்தம் போடாதே. முதல் பகுதி முடிஞ்சுது. இனிமே காத்துதான். கொஞ்சங்கொஞ்சமா."

"கதவைத் திறங்க."

"அவசரப்பட்டா எரிஞ்சுடும். உனக்குத் தெரியாததா?"

"அவ என் பொண்ணு. கதவைத் திறங்க!"

"நம்ம பொண்ணு." அன்பான குரல். அவருடைய குரலேதான். "பாவம், தூசி ஆகாம எவ்வளவு கஷ்டப்பட்டா. இனிமே அவளுக்குத் தும்மலே வராது."

அவள் பாய்ந்தாள். அவர் தடுக்கவில்லை. அவள் நகம் அவர் கழுத்தில் கீறியது. ரத்தம் இல்லை. கீறிய கோட்டில் ஒரு சின்னத் தணல் ஊர்ந்தது. அணையப்போகும் திரியின் முனைபோல் சிவந்து, நகர்ந்து, கருத்து, மூடிக்கொண்டது. அது தன் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டது. அவளைப் பார்த்துச் சிரித்தது.

டேப்பின் முனை மடித்திருந்தது. பிரிக்க வசதியாக. அவள் அதைப் பிடித்தாள்.

ஓர் இழுப்பு. ஒரே இழுப்பு.

உள்ளே குட்டி குட்டியாகவே இருந்தால், ஒவ்வொரு நொடியும் அவளுக்கு மூச்சில்லை. உள்ளே இருப்பது இப்போது வேறாக இருந்தால், கதவு திறந்த நொடியில் வெள்ளையாக ஒரு வெளிச்சம்.

"குட்டி!"

சீறல்.

"குட்டி, அம்மா வந்திருக்கேன்! பேசுடா!"

"அம்மா." மிக அருகில். கதவை ஒட்டி. குட்டியின் குரல். "திறக்காதம்மா. இன்னும் தோல் கட்டலை."

அந்தச் சொல்லை அவள் மகள்முன் ஒருநாளும் சொன்னதில்லை.

டேப்பை விட்டுவிட்டு, ஓர் உள்ளங்கையைக் கதவில் பதித்து, ஒரு தும்மலுக்காகக் காத்திருந்தாள். ஒரே ஒரு தும்மல். வாழ்க்கையில் எதற்கும் அப்படி வேண்டிக்கொண்டதில்லை. வரவில்லை. மற்றக் கை சேலை முந்தானையைப் பற்றியபோது முடிச்சில் ஏதோ தட்டுப்பட்டது. யானை. நேற்றிலிருந்து அங்கேயே முடிந்துவைத்திருந்த யானை. அதன் பெயரைக் கேட்க வாயெடுத்தாள். பிரயோசனமில்லை. அந்தப் பெயர் இப்போது அவளுக்கும் தெரியும்.

அவளுக்குத் தெரியாத ஒன்று வேண்டும். குட்டிக்கு மட்டுமே தெரிந்த ஒன்று.

"குட்டி," என்றாள். "இன்னைக்கு ஸ்கூல்ல பக்கத்துல யார்டா உட்கார்ந்தா? என்ன விளையாடினீங்க? அம்மாகிட்ட சொல்லேன்."

உள்ளே அமைதி. யாரோ அவள் முகத்தைக் கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து பொறுமையாகப் படிப்பதுபோன்ற அமைதி.

"தெரியலைம்மா," என்றது குரல். "நீயே சொல்லு."

முந்தானை முடிச்சு அவிழ்ந்தது. யானை அவள் விரல்களிலிருந்து நழுவியது. தரையில் விழவில்லை. மரக்கதவில் போய் ஒட்டிக்கொண்டது. ஆணியில்லாத, இரும்பில்லாத, வெறும் மரக்கதவில். ஓர் ஏழு வயதுக் குழந்தையின் நெஞ்சுயரத்தில்.

பிறகு மெதுவாக நகரத் தொடங்கியது. மேலே. இன்னும் மேலே. அவளுடைய உள்ளங்கை பதிந்திருந்த இடத்தை நோக்கி.